மீன் தொட்டி ஹீட்டர்: அறிகுறி கண்டு கோளாறு நீக்கும் வழிமுறை, செட்டிநாட்டு வீடுகளுக்காக

மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் வண்ணமீன் வளர்க்கும் வீடுகளில் ஒரே விதமான குறைகள் எழத் தொடங்குகின்றன. மீன் அசையாமல் கிடக்கிறது, ஹீட்டர் போட்டும் தண்ணீர் சூடேறவில்லை, அல்லது அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்பவையே அவை. இந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஹீட்டர் பழுதானது அன்று. நம் ஊருக்கும் நம் வீட்டுக்கும் பொருந்தாத ஹீட்டரை வாங்கியதே காரணம். இந்த வட்டாரத்தில் ஹீட்டரின் வேலை தண்ணீரைச் சூடாக்குவது அன்று. விடியற்காலையில் இறங்கும் சில டிகிரியை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான். குளிர் நாடுகளை மனத்தில் வைத்து அச்சிடப்பட்ட பெட்டி அட்டவணையைப் பார்த்துப் பெரிய ஹீட்டரை வாங்குகிறவர், தேவையில்லாத ஆபத்தைத் தொட்டிக்குள் தொங்கவிடுகிறார்.

ஆகவே, கீழே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எப்போது ஹீட்டரை மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். எந்தச் சோதனைக்கும் முன்பாக இரண்டு பழக்கங்கள் வேண்டும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன் ஹீட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனெனில் பழைய வீடுகளின் வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். இரண்டாவதாக, ஹீட்டரோடு சேராத தனி வெப்பமானி ஒன்று, ஹீட்டருக்கு எதிர்முனையில், எப்போதும் தொட்டியில் இருக்க வேண்டும்.

காலையில் மீன்கள் அடியில் ஒடுங்கிக் கிடக்கின்றன, இரை எடுப்பதில்லை

ஹீட்டர் இல்லாத தொட்டியில் இந்த அறிகுறி தோன்றினால், கடைக்குப் புறப்படுவதற்கு முன் மூன்று நாள் அளவெடுக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு முறையும், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும் தண்ணீரின் வெப்பத்தையும், தொட்டி இருக்கும் இடத்தின் காற்று வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கு எண்களும் இல்லாமல் ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பது, அளவு தராமல் சட்டை தைக்கக் கொடுப்பதற்கு ஒப்பானது.

செட்டிநாட்டு வீட்டில் தொட்டி எங்கே இருக்கிறது என்பது, தொட்டி எவ்வளவு பெரியது என்பதைப் போலவே முக்கியமானது. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதியை, ஒட்டிய உள்வீடுகளில் (உள்ளறைகளில்) சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள் பகலின் வெப்பத்தை உள்வாங்கி இரவில் மெல்ல வெளிவிடுவதால், அங்கே பகலுக்கும் இரவுக்கும் இடையே உள்ள வேறுபாடு இரண்டு மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. அதே வீட்டில், வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் (தாழ்வாரத்தில்) தொட்டியை வைத்தால், மார்கழி, தை மாத விடியலில் காற்று ஏறக்குறைய 20 டிகிரிக்கு இறங்கும்போது தண்ணீரும் அதைத் தொடர்ந்து இறங்கும். அழகுக்காக முகப்பில் வைக்கப்படும் தொட்டிகளும் இத்தகையவையே. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் மீது நேரடியாக வைக்கப்பட்ட தொட்டி அடிப்பக்கமாகவும் வெப்பத்தை இழக்கும். அதற்குத் தடித்த தெர்மாகோல் பலகை ஒன்றை அடியில் இட்டாலே போதும், அது கண்ணாடியின் மீது விழும் அழுத்தத்தையும் சமமாக்கும்.

அடுத்து மீனைப் பாருங்கள். பொன்மீனுக்கு 18 முதல் 22 டிகிரி இதமானது. அதற்கு நம் ஊரில் எந்த மாதத்திலும் ஹீட்டர் வேண்டியதில்லை. ஊருணியில் தானாக வளரும் கெண்டைக் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கும் தேவையில்லை. கப்பி 22 டிகிரி வரை இறங்கினாலும் தாங்கும். ஏஞ்சல், ஃபைட்டர் ஆகியவை 25 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் நோய்க்கு இடம் கொடுக்கும். டிஸ்கஸ் மீனுக்கு 28 முதல் 30 டிகிரி கட்டாயம் வேண்டும். பல இன மீன்கள் சேர்ந்து வாழும் தொட்டிக்கு 25 அல்லது 26 டிகிரி என்று வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் விடியற்காலை அளவு 24 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்றால், ஏஞ்சல் வளர்ப்பவராக இருந்தாலும் முதலில் மூடி போட்டுப் பாருங்கள். தொட்டியை உள்பக்கம் நகர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டுமே ஹீட்டர்.

வாட் கணக்கு இதுதான். மூடி போட்ட இரண்டு அடி தொட்டி, அதாவது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி, தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வேறுபாட்டின் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 7 வாட் வெப்பத்தை இழக்கும் என்பது கண்ணாடியின் பரப்பைக் கொண்டு நான் போட்ட கணக்கு. மூன்று அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு அது 13 வாட் அளவுக்கு வரும். நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ளதற்கு 18 அல்லது 19 வாட். மூடி இல்லை என்றால், ஆவியாதலால் போகும் வெப்பத்துக்காக இதனோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். வேண்டிய வெப்பத்திலிருந்து அறையின் மிகக் குறைந்த வெப்பத்தைக் கழித்து, அந்த எண்ணால் பெருக்கினால் தேவையான வாட் கிடைக்கும். பத்தியில் இருக்கும் இரண்டு அடி தொட்டியில், காற்று 20 டிகிரிக்கு இறங்கும்போது தண்ணீரை 26 டிகிரியில் நிறுத்த 6 பெருக்கல் 7, அதாவது 42 வாட் வேண்டும். ஆகவே 50 வாட் ஹீட்டர் சரியானது. அதே தொட்டி, 24 டிகிரிக்குக் கீழே போகாத உள்வீட்டில் இருந்தால் 14 வாட் தான் தேவை. 25 வாட் ஹீட்டரே தாராளம். பத்தியில் மூன்று அடி தொட்டியில் டிஸ்கஸ் வளர்த்து 29 டிகிரி வேண்டுமென்றால் 117 வாட் ஆகிறது. அதற்கு 150 வாட் ஹீட்டர் ஒன்றைக் காட்டிலும், 75 வாட் ஹீட்டர் இரண்டை இரு முனைகளில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டு அடி தொட்டிக்குக் கடையில் 100 வாட் தருவார்கள். சிலர் 200 வாட் கூடத் தருவார்கள். 'பெரியதாக இருந்தால் சீக்கிரம் சூடேறும், அப்புறம் தானாக நின்றுகொள்ளும்' என்று சொல்வார்கள். தானாக நிற்காத நாளில் என்ன ஆகும் என்பதைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ஹீட்டரின் வகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிக் குழாய்க்குள் வெப்பத்துக்கேற்பத் தானாக அணைத்து எரியவிடும் தெர்மோஸ்டாட் அடங்கிய சாதாரண ஹீட்டர், வீட்டுத் தொட்டிக்குப் போதுமானது. ஆனால் வெப்பத்தைத் திருகி மாற்றும் வசதி அதில் இருக்க வேண்டும். ஒரே வெப்பத்தில் நிலையாக அமைத்து விற்கப்படும் சிறு பிளாஸ்டிக் ஹீட்டர்கள் ஃபைட்டர் தொட்டிக்கு உதவும் என்றாலும், வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் வெப்பத்தை உயர்த்த வழியிருக்காது. பெரிய மீன்கள் இடித்து உடைக்கும் தொட்டிகளுக்கு உலோக உறை நல்லது. எவர்சில்வர் உறை நல்ல தண்ணீரில் நீடிக்கும். உப்பு தொடர்ந்து சேர்க்கும் தொட்டியிலும் கடல் மீன் தொட்டியிலும் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாக அரிக்கும் என்பதால் அங்கே டைட்டானியம் உறைதான் ஏற்றது. அரிமானத்தை ஒரு துறையாகவே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்கிவருவதால், இந்த ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஐந்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். அந்த அளவு தண்ணீர் ஒரு சிறு பிழையையும் தாங்காது. கிண்ணத்தை உள்வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

ஹீட்டரின் விளக்கு இரவெல்லாம் எரிகிறது, தண்ணீர் சூடேறவில்லை

விளக்கு எரிவது, உள்ளே இருக்கும் சுருளுக்கு மின்சாரம் போகிறது என்பதற்கான அடையாளம். ஆகவே பெரும்பாலும் ஹீட்டர் உழைக்கிறது, ஆனால் இழப்பை ஈடுசெய்ய முடியவில்லை என்று பொருள். புதிய ஹீட்டர் வாங்கச் சொல்வதற்கு முன் நான்கு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது காரணம் மின்னழுத்தம். கிராமப்புறங்களில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஹீட்டர் தரும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 100 வாட் தரும் ஹீட்டர், 180 வோல்ட்டில் 61 வாட் மட்டுமே தரும். 160 வோல்ட்டில் பாதிக்கும் குறைவு. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் உங்கள் தெருவில் விளக்குகள் மங்குகின்றன என்றால், ஹீட்டரும் அப்போது மங்கித்தான் இருக்கும். மின்பணியாளர் ஒருவரை அழைத்து, மாலை ஏழு மணிக்கும் விடியற்காலையிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அது தொடர்ந்து குறைவாக இருந்தால், அடுத்த அளவு ஹீட்டருக்குப் போவதைவிட, மேலே சொன்ன கணக்கின்படி இரண்டாவது சிறு ஹீட்டர் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. மின்னழுத்தம் சீராகும் நாளில் ஒன்றைக் கழற்றிவிடலாம்.

இரண்டாவது, திறந்த மேல்பரப்பு. மூடி இல்லாத தொட்டியில் மின்விசிறிக் காற்று பட்டால், ஆவியாதல் ஹீட்டரின் உழைப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மூடியைப் போட்டு ஓர் இரவு பாருங்கள். மூன்றாவது, சுண்ணாம்புப் படிவு. கீசரிலும் தண்ணீர்க் கெண்டியிலும் வெள்ளையாகப் படியும் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கும் ஊற்றுகிறவர்களின் ஹீட்டர் கண்ணாடியின் மேல் அதே படிவு பூத்திருக்கும். அது வெப்பம் தண்ணீருக்குப் போவதைத் தாமதப்படுத்துவதோடு, உள்ளே வெப்பம் தேங்குவதால் தெர்மோஸ்டாட் முன்கூட்டியே துண்டிக்கவும் காரணமாகும்; அப்போது விளக்கு இடையிடையே அணைந்து எரியும். ஹீட்டரைக் கழற்றி, முழுவதும் ஆறவிட்டு, கண்ணாடிப் பகுதியை மட்டும் எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். சுரண்டும் நார் வேண்டாம்.

நான்காவது காரணம் பொறுமையின்மை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1.16 வாட்-மணி வேண்டும். இரண்டு அடி தொட்டியில் கல், மேல் இடைவெளி போக 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை ஒரு டிகிரி உயர்த்த 50 வாட் ஹீட்டருக்கு, இழப்பே இல்லை என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு எட்டு மணிக்கு மாட்டிவிட்டு ஒன்பது மணிக்குக் கை வைத்துப் பார்த்து ஏமாறக் கூடாது. மெல்ல ஏறுவதே மீனுக்கும் நல்லது.

விளக்கே எரியவில்லை

பல நேரங்களில் இது கோளாறே அன்று: தண்ணீர் ஏற்கெனவே அமைத்த வெப்பத்துக்கு மேலே இருப்பதால் ஹீட்டர் ஓய்வில் இருக்கிறது. வெப்பத் திருகை மிக உயர்ந்த அளவுக்குத் திருப்பிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் ஹீட்டர் நலமாக இருக்கிறது, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். எரியவில்லை என்றால், அதே பிளக் துளையில் வேறொரு விளக்கை மாட்டிப் பார்த்து மின்சாரம் வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். மின்சாரம் இருந்தும் ஹீட்டர் எரியவில்லை என்றால், தண்ணீர் மட்டம் குறைந்ததால் சில ஹீட்டர்கள் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டிருக்கலாம். அதுவும் இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது அல்லது தெர்மோஸ்டாட் செத்துவிட்டது. அடைக்கப்பட்ட குழாயைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம்; நீர் புகாத அடைப்பை வீட்டில் மீண்டும் செய்ய முடியாது.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன

இந்த அறிகுறியில் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அடுத்து ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள், ஏனெனில் மீன் தவிப்பது சூட்டினால் மட்டுமன்று, மூச்சுக் காற்றின் குறைவினாலும்தான்: 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது. மூடியைத் திறந்து, மேல்பரப்பின் மீது மின்விசிறிக் காற்றுப் படும்படி செய்யுங்கள். குளோரின் நீங்கிய, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரிக்கு மேல் இறங்காதபடி மாற்றுங்கள். ஐஸ் கட்டியைத் தண்ணீருக்குள் போடுகிறவர்கள் பதற்றத்தில் இரண்டாவது தவற்றைச் செய்கிறார்கள். சூட்டில் தப்பிய மீன் திடீர்க் குளிரில் போய்விடும்.

மீனைக் காப்பாற்றிய பிறகு காரணத்தைத் தேடுங்கள். தண்ணீர் அமைத்த வெப்பத்தைத் தாண்டியும் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று பொருள். சாதாரண ஹீட்டரில் இரட்டை உலோகப் பட்டை ஒன்று, சூட்டில் வளைந்து மின்தொடர்பைத் துண்டிக்கிறது, ஆறியதும் நிமிர்ந்து இணைக்கிறது. ஒவ்வொரு முறை துண்டிக்கும்போதும் ஒரு சிறு பொறி எழுகிறது. ஆயிரக்கணக்கான முறைக்குப் பிறகு அந்தப் பொறி தொடுமுனைகளை உருக்கி ஒட்டவைத்துவிடும். அதன் பிறகு ஹீட்டருக்கு நிற்கத் தெரியாது. அத்தகைய ஹீட்டரைத் தட்டிச் சரிசெய்து மீண்டும் மாட்டாதீர்கள். அன்றே வயரை வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்தக்கூடும்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் இருந்த இரண்டு அடி தொட்டிக்கு, கடைக்காரர் சொன்னபடி 200 வாட் ஹீட்டர் வாங்கி மாட்டியிருந்தேன். தை மாதத்தில் ஒரு திருமணத்துக்காகக் காலையில் தேவகோட்டைக்குப் போய்விட்டுப் பிற்பகல் திரும்பியபோது, வாசலிலேயே அப்பத்தா, "தொட்டித் தண்ணி சுடுதப்பா, மீனெல்லாம் மேல நிக்குது, எனக்கு எதை அமத்துறதுன்னு தெரியலை" என்று கலங்கிப்போய் நின்றார்கள். வெப்பமானி 38 டிகிரி காட்டியது. மூன்று ஆண்டுகள் வளர்த்த நான்கு ஏஞ்சல் மீன்களும் போய்விட்டன. அப்பத்தாவுக்கு எந்தப் பிளக்கைக் கழற்றுவது என்று முன்பே காட்டித் தராதது என் தவறு. அன்றிலிருந்து ஹீட்டர் பிளக்கில் சிவப்பு நூல் கட்டி, வீட்டில் உள்ள எல்லோரிடமும், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது பழைய கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் 7 வாட் இழக்கும் தொட்டியில் 200 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால், தண்ணீர் அறையின் வெப்பத்தைவிட 28 டிகிரி மேலே போன பிறகே நிற்கும். தொடக்கத்தில் மணிக்கு மூன்று டிகிரிக்கு மேல் ஏறும். அதே இடத்தில் 50 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் 7 டிகிரி மட்டுமே மேலே போகும். பகலும் இரவும் சேர்த்துச் சராசரி 24 அல்லது 25 டிகிரி இருக்கும் மார்கழியில் அது 31, 32 டிகிரியில் நின்றுவிடும். ஏர் பம்ப் ஓடினால் பெரும்பாலான மீன்கள் அதில் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும், நமக்குக் கவனிக்க நேரம் கிடைக்கும். பழுதானாலும் மீனைக் கொல்லும் வலிமை இல்லாத ஹீட்டரே நம் ஊருக்கு ஏற்ற ஹீட்டர் என்று நான் சொல்வது இந்தக் கணக்கினால்தான். இரண்டு சிறு ஹீட்டர்களைப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம்: ஒன்று ஒட்டிக்கொண்டால் பாதி வலிமைதான் ஒட்டிக்கொள்கிறது, ஒன்று செத்தால் மற்றது பாதியையாவது தாங்குகிறது.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் இந்தப் பகுதியில் மிகுதி. அவர்கள் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வாங்கி, ஹீட்டரை அதன் வழியாக இணைப்பது நல்லது. கருவியை 26 டிகிரிக்கும், ஹீட்டரின் சொந்தத் திருகை 28 டிகிரிக்கும் வைத்துவிட்டால், ஒன்று தவறினால் மற்றது காக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கருவியின் உணர்கம்பி தண்ணீரிலிருந்து நழுவி வெளியே விழுந்துவிட்டால், கருவி குளிர்ந்த காற்றை அளந்து, தண்ணீர் குளிர்ந்துவிட்டதாக எண்ணி ஹீட்டரை ஓயாமல் எரியவிடும். அப்போது ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட் மட்டுமே காவல். ஆகவே அந்தத் திருகை ஒருபோதும் உச்சத்தில் வைக்கக் கூடாது. உணர்கம்பியை ரப்பர் பிடிப்போடு மட்டும் விடாமல் நூலாலும் கட்டிவையுங்கள்.

திருகில் 26 என்று இருக்கிறது. வெப்பமானி 23 அல்லது 29 காட்டுகிறது

திருகில் அச்சிட்ட எண்ணை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ள வேண்டும். நம்ப வேண்டியது வெப்பமானியை. அந்த வெப்பமானியும் சரியா என்று பார்க்க, காய்ச்சல் பார்க்கும் கருவியோடு சேர்த்து, 37 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் வைத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியில் வெளியே ஒட்டும் பட்டை வெப்பமானிகள் பாதி அறையின் வெப்பத்தைத்தான் காட்டும். அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். வெப்பமானி சரியாக இருந்து, வேறுபாடு எப்போதும் ஒரே அளவாக இருந்தால், திருகை அதற்கேற்ப நகர்த்திவைத்தால் போதும். வேறுபாடு நாளுக்கு நாள் மாறினால் தெர்மோஸ்டாட் தளர்கிறது. அந்த ஹீட்டரை மாற்றுங்கள்.

ஒரு மூலை வெதுவெதுப்பு, எதிர்மூலை குளிர்ச்சி

இது ஹீட்டரின் குறையன்று; நீரோட்டத்தின் குறை. சூடான தண்ணீர் மேலே போய்த் தங்கிவிடும். ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளிவரும் வாய்க்கு அருகில், அல்லது ஏர் பம்பின் குமிழிகள் எழும் இடத்துக்கு அருகில் ஹீட்டரை நகர்த்துங்கள். முழுவதும் நீரில் மூழ்கலாம் என்று குறிப்பிட்ட ஹீட்டராக இருந்தால், பின்கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் படுக்கைவாக்கில் வைப்பது சிறந்தது. எழும் வெப்பம் நீளம் முழுவதும் பரவும், தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர் வெளியே தெரியாது. ஆனால் கூழாங்கல்லுக்குள் அது புதையக் கூடாது. புதைந்த இடத்தில் வெப்பம் வெளியேற வழியின்றிக் கண்ணாடி விரிசல் விடும். மீன்கள் ஹீட்டரை ஒட்டியே கூட்டமாக நிற்பதும் எதிர்ப்பக்கம் குளிர்ந்திருப்பதற்கான அடையாளமே.

கண்ணாடிக் குழாய்க்குள் பனி போலப் படிந்திருக்கிறது. அல்லது விரிசல் தெரிகிறது

அடைப்பு விட்டுத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. பிளக்கைக் கழற்றாமல் தொடவே கூடாது. காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் மாற்றும் முறையில் இருக்கும். ஹீட்டர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீரை இறைத்தால் குழாயின் மேல்பகுதி காற்றில் கொதிக்கும். பிறகு குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதும் கண்ணாடி படீரென வெடிக்கும். தண்ணீர் மாற்றுவதற்கு இருபது நிமிடம் முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நிரப்பிய பிறகும் இருபது நிமிடம் கழித்தே மாட்டுங்கள். புதிய ஹீட்டரையும் இதேபோல் தண்ணீருக்குள் வைத்துச் சற்று நேரம் பொறுத்தே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

தண்ணீரில் விரல் வைத்தால் சுர்ரென்று பிடிக்கிறது

மீன் வளர்ப்பில் நம் உயிருக்கே ஆபத்தான அறிகுறி இது. 'லேசாகத்தான் பிடிக்கிறது' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டின் மெயினையே அணைத்துவிட்டு, தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டர், பம்ப், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். பிறகு மின்பணியாளரைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிக்கச் செய்யுங்கள். தொட்டிக்கு மின்சாரம் போகும் சுற்றில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவியைப் பொருத்துவதும், எர்த் இணைப்பு உண்மையில் மண்ணைத் தொடுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். பல பெரிய வீடுகளில் பழைய வயரிங்கோடு பின்னாளில் சேர்த்த இணைப்புகளும் கலந்திருப்பதால், மூன்று துளை பிளக் இருப்பதைக் கொண்டே எர்த் இருப்பதாக நம்பிவிடக் கூடாது. ஹீட்டரின் வயர் பிளக்குக்குப் போகும் வழியில், பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவாகத் தொங்கும்படி விடுங்கள். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

செதிலில் உப்புத் தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்

வெள்ளைப்புள்ளி நோய் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. இரவில் வெப்பம் இறங்கிப் பகலில் ஏறும் தொட்டியில் மீனின் எதிர்ப்புத் திறன் தளர்வதால் அது எளிதில் பற்றிக்கொள்கிறது. ஆகவே மருந்து வாங்குமுன் விடியற்காலை வெப்பத்தை அளந்து பாருங்கள். ஹீட்டர் தன் வேலையைச் செய்யவில்லை என்பது அங்கே தெரியவரும். மீனின் உடலில் ஒட்டியிருக்கும் நிலையில் மருந்து அந்த ஒட்டுண்ணியை எட்டாது. உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தும் நிலையில்தான் அது அழியும். 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும் அந்தச் சுற்று, வெப்பம் கூடினால் விரைவில் முடியும். வெப்பமண்டல மீன்களாக இருந்தால், நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 29 வரை உயர்த்தி, ஏர் பம்பைக் கூட்டி, புள்ளிகள் மறைந்த பிறகும் ஒரு வாரம் அதே நிலையில் வைத்திருங்கள். மருந்தையும் அதுவரை நிறுத்த வேண்டாம். பொன்மீனுக்கு இந்த உயர்வு பொருந்தாது.

மின்சாரம் போய்விட்டது

இன்வெர்ட்டரில் ஹீட்டரை இணைக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வேண்டியதில்லை. மூடிய இரண்டு அடி தொட்டி, அறையைவிட நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும்போது, மணிக்கு அரை டிகிரி அளவுக்கே இறங்கும். நான்கு மணி நேர மின்தடையில் இழப்பது இரண்டு டிகிரிக்கும் குறைவு. பழைய போர்வை ஒன்றை மூன்று பக்கமும் சுற்றிவிட்டால் அதுவும் குறையும். இன்வெர்ட்டரில் இருக்க வேண்டியது நான்கைந்து வாட் மட்டுமே எடுக்கும் ஏர் பம்ப்தான். அது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், குழாயில் தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தியிருக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் இரை போட வேண்டாம். மின்சாரம் திரும்பியதும் ஹீட்டர் மெல்ல ஏற்றிக்கொள்ளும். கொதிநீரை ஊற்றி அவசரப்படுத்தாதீர்கள்.

ஹீட்டர் அணைந்திருக்கிறது, தண்ணீரோ 32 டிகிரி

பங்குனி பிறந்தால் இந்த அறிகுறி வரும். அதற்கு மருந்து மூடியைத் திறப்பதும், மேல்பரப்பில் மின்விசிறிக் காற்றை விடுவதும், ஆவியாகும் தண்ணீரை நாள்தோறும் நிரப்புவதும்தான். மாசி முடிவில் விடியற்காலை அளவு தொடர்ந்து ஒரு வாரம் 26 டிகிரிக்கு மேல் இருந்தால், ஹீட்டரைத் தொட்டியிலேயே விட்டுவைக்காமல் கழற்றி, சுண்ணாம்புப் படிவை நீக்கி, நன்றாக உலர்த்தித் துணியில் சுற்றி எடுத்துவையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் அதைத் தொட்டியில் மாட்டுவதற்கு முன், ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அதற்குள் ஹீட்டரையும் வெப்பமானியையும் நிறுத்தி, அறையின் வெப்பத்தைவிட மூன்று டிகிரி கூடுதலாகத் திருகை அமைத்து, காலையிலிருந்து மாலை வரை ஓடவிடுங்கள். அமைத்த அளவுக்கு அருகே வந்ததும் விளக்கு அணைகிறதா, ஆறியதும் மீண்டும் எரிகிறதா என்று குறைந்தது மூன்று முறை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே தொட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள்.